புங்கம்பாறை ஏரியில் கூட்டு நீருலா

அன்றைக்குப் புங்கம்பாறை ஏரியில் இருந்தவர்களின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு செங்கம் சந்தையில் "நானும் அங்கேதான் இருந்தேன்" என்று சொல்லித் திரிந்தவர்களையெல்லாம் ஏற்றியிருந்தால் அந்தப் படகு புறப்பட்ட இடத்திலேயே உடைந்திருக்கும்.

படகின்மேல் நான்கு பேர். ஜவ்வாது மலை விசைப்படகு உரிமையாளர் சங்கத்தின் தலைவர், செங்கத்தில் புளி மண்டி வைத்திருக்கும் கோபால்சாமி. அதே சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற எழுத்தர் லட்சுமணன். மலை நீர்நிலை உல்லாச வாரியத்தின் சிறப்பு அலுவலர். எல்லாரும் அவரை ஐயா என்றே அழைத்ததால் பெயர் ஒருவருக்கும் தெரியாது. நான்காவது ஆள் காசி. அமிர்திப் பக்கம் ஆள் ஏற்றி ஜீப் ஓட்டுகிறவன். படகு ஓட்டத் தெரிந்தவர் மலையில் யாரும் இல்லாததால், ஸ்டீரிங் பிடிக்கத் தெரிந்தவன் என்று அவனை ஒரு நாளைக்குக் கூட்டி வந்திருந்தார்கள்.

கரையில் மூன்று பேர். படகின் சொந்தக்காரரான மதகு வீட்டுச் சின்னக்குழந்தை. அவருடைய மனைவி பெரியம்மாள். ஏரிப் பாசனத்தின் கடைசி வயலுக்கு உடையவளான பச்சையம்மா. ஆக ஏழு. எட்டாவது ஆள் கிடையாது. இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருடம், தை மாதம் இருபத்து நான்காம் தேதி.

சின்னக்குழந்தைக்கு அப்போது அறுபத்தொரு வயது. நெல்லிவாசல்நாட்டில் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. அவர் பெயருக்கு முன்னால் மதகு வீடு என்று ஒரு சொல் நின்றுகொண்டிருந்தது, அதுவே போதும். ஏரிக்கு ஒரே மதகு. தை பிறந்த மூன்றாம் நாள் அந்த வீட்டு மூத்த ஆண் மதகுப் பலகையைத் தூக்குவான். தூக்கியதும், ஓடி வரும் தண்ணீருக்கு முன்னால் செருப்பில்லாமல் வாய்க்கால் வரப்பில் நடந்து கடைசி வயல்வரை போவான். முதல் தண்ணீர் கடைசி வயலுக்கு. அது குடித்த பிறகு அதற்கு மேல் வயல், பிறகு அதற்கு மேல். இப்படியே முப்பத்தொரு வயலும் குடித்து முடித்த பிறகுதான் மதகை ஒட்டினாற்போல் இருக்கும் மதகு வீட்டு வயலுக்கு வாய்மடை திறக்கும். மதகைத் திறக்கிறவன் தனக்கு முதலில் பாய்ச்சிக்கொண்டால் அது திருட்டு. ஐந்து தலைமுறையாக அந்த வீட்டில் திருட்டு நடந்ததில்லை. தண்ணீர் போதாத வருடங்களில் கடைசி வயல்காரன் வீட்டில் நெல்லுச்சோறும் மதகு வீட்டில் சாமைக் களியும் இருக்கும். அது தெரிந்துதான் அந்த வீட்டுக்குப் பெண் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குப் படகு எப்படி வந்தது என்று கேட்கலாம். மரியாதையாகத்தான் வந்தது.

முந்தைய வருடம் ஆவணியில் ஒரு நாள், சாலை முடிகிற இடம்வரை லாரியிலும் அதற்கு மேல் நாற்பது ஆட்களின் தோளிலுமாக ஒரு வெள்ளைப் படகு மலையேறி வந்தது. முன்பக்கம் சாமந்தி மாலை. பின்பக்கம் இயந்திரம். அதற்குப் பின்னால், நடந்து பழக்கமில்லாத காலோடு சிறப்பு அலுவலர். ஏரிக்கரையில் நின்று மூச்சு வாங்கிய பிறகு அவர் பேசினார்.

"நீங்கள் சாலை கேட்டீர்கள். சாலைக்கு நிதி இல்லை. மருத்துவமனை கேட்டீர்கள். அதற்கும் இல்லை. படகுக்கு இருந்தது. நிதி இருக்கிற இடத்தில் தேவையை உண்டாக்குவதற்குப் பெயர்தான் திட்டம். இன்றுமுதல் உங்களுக்குப் படகு தேவை."

கூட்டம் கை தட்டியது. சுமந்து வந்த நாற்பது ஆட்கள் மட்டும் தட்டவில்லை. அவர்களுக்குத் தோள் தூக்கவில்லை.

பிறகு அலுவலர் ஒரு தாளை எடுத்துப் படித்தார். படகுக்கு 'முதல் உரிமையாளர்' என்று சின்னக்குழந்தையின் பெயர் அதில் இருந்தது. ஏன் அவர் என்று யாரும் விளக்கவில்லை. ஏரி சம்பந்தமான பதிவேட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் உயிரோடு இருந்தவர் பெயர் அது ஒன்றுதான். வாரியத்து எழுத்தர் அதையே எழுதிவிட்டார். சின்னக்குழந்தைக்கு அது தெரியாது. முதல் மாலை, முதல் விபூதி, முதல் பிரசாதம் என்று ஏரிக்கரையில் முதல் என்கிற எதுவும் அவர் வீட்டுக்கு வருவது வழக்கம். இதுவும் அப்படி ஒரு முதல் என்று நினைத்தார். பெரியம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் மஞ்சள் நீரும் கற்பூரமும் கொண்டுவந்து படகுக்கு ஆரத்தி சுற்றினாள். அதன் மூக்கில் குங்குமம் வைத்தாள்.

தவறு அங்கேதான் நடந்தது. அந்த மலையில் மாலையோடு வந்த மாட்டுக்கு ஆரத்தி எடுத்துவிட்டால் அது அந்த வீட்டு மாடு. அது முட்டினாலும், பால் கறக்காவிட்டாலும், கண் தெரியாவிட்டாலும் திருப்பி அனுப்புகிற பேச்சே கிடையாது. அனுப்பினால் வீடு தாழ்ந்துபோகும். படகுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்று யாரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் அதுவரை அங்கே யாருக்கும் படகு வந்ததில்லை.

அடுத்த வாரமே சங்கம் வந்தது. படகு வைத்திருப்பவர் எவரும் சங்கத்தில் சேராமல் இருக்க முடியாது என்று செயலாளர் லட்சுமணன் சொன்னார். சங்கத்தில் அதுவரை இரண்டு உறுப்பினர்கள். தலைவர் கோபால்சாமியின் படகுக்குக் 'கடலரசி' என்று பெயர். ஆறு வருடமாக விண்ணப்ப நிலையில் இருந்தது. லட்சுமணனின் படகு 'அலைமகள்'. அது எதிர்காலத்தில் வாங்கப்படவிருந்தது. இரண்டு பேரும் மார்பில் நங்கூரம் பொறித்த பித்தளை வில்லை அணிந்திருந்தார்கள்.

"சாமி, உங்க படகெல்லாம் எங்க கீதுங்க?" என்று சின்னக்குழந்தை மரியாதையாகத்தான் கேட்டார்.

லட்சுமணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுதான் பிரச்சினை. படகை நிஜமாகவே வைத்திருக்கிறவர்களுக்குச் சங்க நடைமுறை புரிவதில்லை."

நடைமுறை ஒரு புத்தகமாக இருந்தது. எங்கோ ஒரு துறைமுகத்துச் சங்கத்தின் விதிகளை அப்படியே எடுத்துத் தட்டச்சு செய்திருந்தார்கள். நூற்றுப்பதினான்கு விதிகள். உரிமையாளர் வெள்ளைத் தொப்பி அணிய வேண்டும். நாள்தோறும் காற்றின் திசையும் அலையின் உயரமும் குறிக்க வேண்டும். சுறா தென்பட்டால் செயலாளருக்கு உடனே எழுத வேண்டும். சின்னக்குழந்தை நாலாம் வகுப்புவரை படித்தவர். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவர். தினமும் காலையில் தொப்பியோடு கரையில் நின்று, 'காற்று கிழக்கு. அலை இல்லை. சுறா இல்லை' என்று எழுதினார். ஐப்பசியில் மழை பொய்த்தது. அதையும் எழுதினார். மழைக்கு விதிப்புத்தகத்தில் கட்டம் இல்லை என்று செயலாளர் அந்த வரியை அடித்துவிட்டார்.

கார்த்திகையில் பராமரிப்பு ஆய்வுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். படகைத் தொட்டுப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். லட்சுமணன் புத்தகத்தைப் புரட்டினார்.

"விதி நாற்பத்தொன்று. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அடிப்பாகத்தில் படிந்த உப்பைக் கழுவ வேண்டும். கழுவினீர்களா?"

"இது ஏரித் தண்ணிங்க. உப்பு ஏதுங்க?"

"உப்பு இருந்ததா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கழுவினீர்களா?"

"இல்லாத உப்பை எப்படிங்க கழுவறது?"

கோபால்சாமி குறுக்கிட்டார். புளி வியாபாரத்தில் எதிராளியைத் தட்டிக்கொடுத்தே எடையைக் குறைத்துப் பழகியவர். "சின்னக்குழந்தை, நீங்க பெரிய வூட்டு மனுஷன். கழுவலன்னு ரிப்போர்ட்டுல வந்தா உங்களுக்கு அழகா? ஒரு கல்லு உப்பை எடுத்துத் தடவி, ஒரு கொடம் தண்ணிய ஊத்திடுங்களேன். முடிஞ்சுது வேலை."

செங்கத்திலிருந்து தலைச்சுமையாக மலையேறி வரும் உப்பு அது. பெரியம்மாள் அடுப்படிப் பானையிலிருந்து ஒரு கை எடுத்துவந்து படகில் தேய்த்தாள். சின்னக்குழந்தை தண்ணீர் ஊற்றினார். செயலாளர், 'உப்பு கழுவப்பட்டது. திருப்தி' என்று எழுதினார்.

அவர்கள் போன பிறகு பெரியம்மாள் வெறும் கையைப் பார்த்தபடி சொன்னாள்: "கல்யாணமாகி நாப்பது வருசம் ஆவுது. இந்த வூட்டுல சோத்துக்கு உப்பு பத்தலன்னு ஒரு நாளும் நீங்க கத்துனதில்ல. இன்னிக்குக் கப்பலுக்குப் போட்டுட்டேன். ராத்திரி கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. உப்பில்லாத களியைச் சாப்பிட்டு எழுந்தார்.

இதுவரை நடந்தது ஒரு வீட்டுக்குள் அடங்கிய விஷயம். மார்கழிக் கடைசியில் வந்த உத்தரவு அப்படி அல்ல.

மழை பொய்த்த வருடம். ஏரியில் மதகடிப் பள்ளத்தில் ஆளுயரமும் நடுப்பகுதியில் இடுப்பளவும்தான் தண்ணீர் நின்றது. விதிப்படி ஆண்டுதோறும் உரிமையாளர்கள் தங்கள் படகுகளில் ஒன்றாகச் செல்லும் கூட்டு நீருலாவைத் தை மூன்றாம் தேதி நடத்தச் சங்கம் முடிவு செய்திருந்தது. மதகு திறந்தால் படகு தரை தட்டும். ஆகவே மதகுப் பலகைக்குச் சங்கிலி போட்டு, சங்கிலிக்குப் பூட்டுப் போட்டு, பூட்டுக்கு அரக்கு வைத்தார்கள். உத்தரவின் முதல் வரி இது: 'உரிமையாளர் சின்னக்குழந்தை அவர்களுடைய படகின் நலனை முன்னிட்டு, நீருலா முடியும்வரை ஏரித் தண்ணீர் பாசனத்துக்கு விடப்பட மாட்டாது.' கடைசி வரி: 'சாவி மேற்படி உரிமையாளரின் பொறுப்பில் இருக்கும்.'

அவர் சாவியை வாங்க மறுத்தார். லட்சுமணன் வாரியத்திலிருந்து கொண்டுவந்த ஏரிப் பதிவேட்டை விரித்துக் காட்டினார். மதகுப் பொறுப்பு என்ற தலைப்பின் கீழே ஐந்து பெயர்கள். சின்னக்குழந்தையின் முப்பாட்டனின் அப்பா முதல் அவர்வரை.

"சாவியை வாங்காவிட்டாலும், பூட்டைத் தொட்டாலும் இந்தப் பக்கம் அடிபடும். உங்களுக்குப் பிறகு உங்கள் மகன் பெயரை எழுத இடம் இருக்காது. யோசித்துச் சொல்லுங்கள்."

சின்னக்குழந்தை சாவியை வாங்கி அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

தை மூன்றாம் தேதி அலுவலருக்குக் கூட்டம் இருந்தது. பத்துக்குத் தள்ளினார்கள். பத்தாம் தேதி தலைவர் வீட்டில் காதுகுத்து. பதினேழுக்குத் தள்ளினார்கள். பதினேழாம் தேதி ஏன் நடக்கவில்லை என்பதற்குக் காரணம் பிறகு தெரிவிக்கப்படும் என்று கடிதம் வந்தது. ஐந்து தலைமுறையில் முதல் தடவையாகத் தை பிறந்து மூன்று வாரம் ஆகியும் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. கார்த்திகையில் நட்ட நெல் கதிர் தள்ளுகிற நேரம். வயல்காரர்கள் மதகு வீட்டைக் கடக்கும்போது பேச்சை நிறுத்தினார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பச்சையம்மா மட்டும் வந்தாள். புருஷன் இல்லாதவள், கடைசி வயல் அரை ஏக்கரும் அவள் கையாலேயே நட்டது. முறைக்கு மாமா என்று கூப்பிடுவாள்.

"இன்னா மாமா, கப்பல் சௌக்கியமா? அதுக்கு வாய் நெறையத் தண்ணி வெச்சிருக்கியாமே."

"வா பச்சையம்மா. ஒக்காரு."

"ஒக்கார வரல. நெல்லு பொதி கட்டிகினு நிக்குது. இன்னும் நாலு நாளு. அதுக்கப்பறம் நீ தண்ணி வுட்டாலும் ஒண்ணுதான், பன்னீரு வுட்டாலும் ஒண்ணுதான்."

"சாவி என் இடுப்புலதான் கீது. ஆனா…"

"இடுப்புல கீது, தெரியுதே. ஊரே சொல்லுது, மதகு வூட்டுக்காரு கப்பல் வந்ததும் மொத தண்ணிய தனக்கு எடுத்துக்கினாருன்னு." அவள் குரல் தணிந்தது. "நான் நம்பல மாமா. ஆனா எத்தினி நாளைக்கு நம்பாம இருக்கறது?"

 அவள் போய்விட்டாள். திருட்டு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மதகு வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு என்ன பொருள் இருக்கிறது?

பெரியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "பேரு பதிவேட்டுல கீது, சரி. வாய்க்கால்ல இல்லியே" என்றாள். 

இருபத்து நான்காம் தேதி நீருலா ஒருவழியாக நடந்தது. காலையில் மூவரும் சாலை முடிகிற இடம்வரை காசியின் ஜீப்பிலும் அதற்கு மேல் நடந்தும் வந்து சேர்ந்தார்கள். வந்ததும் ஒரு சிக்கல். விதி அறுபதின்படி கூட்டு நீருலாவில் மூன்று படகுகளாவது கலந்துகொள்ள வேண்டும். இருந்தது ஒன்று. கரையிலேயே அவசரக் கூட்டம் போட்டார்கள். ஒரே படகு மூன்று தடவை சுற்றி வந்தால் மூன்று படகு என்று கொள்ளலாம் எனத் தீர்மானம் நிறைவேறியது. லட்சுமணன் இதை எதிர்பார்த்து வந்திருக்க வேண்டும். காசி தலையில் சுமந்து வந்த மூட்டையிலிருந்து மூன்று பெயர்ப் பலகைகளை எடுத்தார். முதல் சுற்றில் 'கடலரசி' பலகையைக் கட்டினார்கள்; கோபால்சாமி எழுந்து நின்று கையசைத்தார். இரண்டாம் சுற்றில் 'அலைமகள்'. லட்சுமணன் நின்று கையசைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் மற்ற இருவரும் உட்கார்ந்தபடி, எதிரே வராத படகைப் பார்த்து வணக்கம் தெரிவித்தார்கள்.

பலகை மாற்றக் கரைக்கு வந்தபோது காசி சின்னக்குழந்தையின் காதருகே குனிந்தான். "பதினாறு வருசமா வண்டி ஓட்டறேண்ணா. ஒரே வண்டிய மூணு வண்டியா ஓட்டுனது இன்னிக்குத்தான். இதுல இன்னா கஷ்டம்னா, ஹாரன் அடிச்சு ஒதுங்கச் சொல்ல எதுக்கால ஆளே இல்ல."

மூன்றாம் சுற்று சின்னக்குழந்தையின் படகுக்கு. 'நீர்ராஜா' என்று பெயரை வாரியமே வைத்திருந்தது. அவர் ஏறப் போனார். லட்சுமணன் கை காட்டித் தடுத்தார். முதல் உரிமையாளர் என்பவர் படகில் வரக்கூடாதாம்; கரையில் தொப்பியோடு நின்று மரியாதையை ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். அவர் விலகி நின்றார். படகு அவரைக் கரையில் விட்டுவிட்டு ஏரியின் நடுவுக்குப் போயிற்று. அங்கே இயந்திரத்தை நிறுத்தினார்கள். ஆண்டுச் சொற்பொழிவு தண்ணீரின்மேல்தான் நிகழ வேண்டும் என்பது விதி.

கோபால்சாமி தகரக் குழலை வாயில் வைத்தார். மேடையில் பேசும் தமிழ் அவருக்குத் தனியாக ஒன்று இருந்தது. ஏரியைச் சுற்றியிருந்த பாறைகளில் பட்டு அது இரண்டு தடவை கேட்டது.

"இந்தத் தண்ணீரை இன்று காப்பாற்றி வைத்திருப்பது யார்? நாம்! மூன்று வாரமாக ஒரு சொட்டு வயலுக்குப் போகவில்லை. வயல் என்பது வருடா வருடம் விளைகிற சாதாரணச் சமாச்சாரம். நீருலா அப்படியா? மலைமக்களை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். நான் சொல்கிற விலைக்குப் புளியைக் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவ்வளவு உயர்ந்தவர்கள். அவர்களுக்கு ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும் என்று என் மனம் துடித்தது. அதனால்தான் இந்தச் சங்கத்துக்குத் தலைவராக இருக்க ஒப்புக்கொண்டேன்…"

அவர் முடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. அடுத்து அலுவலர் குழலை வாங்கினார்.

"படகினால் பயனடைந்தவர் எத்தனை பேர் என்று மேலிடம் கேட்டிருந்தது. நான் ஏரியின் நீளத்தை அகலத்தால் பெருக்கி எழுதி அனுப்பினேன். பாராட்டுக் கடிதம் வந்தது. அதை இப்போது முழுமையாகப் படிக்கிறேன்…"

கரையில் பச்சையம்மா மதகுச் சுவர் ஓரமாக வந்து நின்றிருந்தாள்.  கையில் ஒரு நெற்பயிரைப் பிடுங்கி வந்திருந்தாள். கதிரை மூடிய பொதி பிரியாமல் நுனி சிவந்திருந்தது. அதை மதகுச் சுவரின்மேல் வைத்தாள்.

சின்னக்குழந்தை அதைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, மடிக்காமல், பயிருக்குப் பக்கத்தில் வைத்தார். செருப்பை உதறினார். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். அரக்கு உடைகிற சத்தம் ஏரி நடுவில் கேட்டிருக்காது. பாராட்டுக் கடிதத்தின் இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பலகையைத் தூக்கியபோது அவருக்கு இடுப்பு பிடித்தது. மூன்று வாரம் அடைந்திருந்த தண்ணீர் கறுப்பாக வந்து, பிறகு தெளிந்தது.

"கம்பை எடு" என்றார் பெரியம்மாளிடம். வாய்க்கால் குப்பையைத் தள்ளும் மூங்கில் கம்பை அவள் ஏற்கெனவே கொண்டுவந்திருந்தாள்.

அவர் தண்ணீருக்கு முன்னால் நடந்தார். பின்னால் பச்சையம்மா. தலைக்குமேல் அலுவலரின் குரல் வயல் வயலாகக் கூடவே வந்தது. "இந்த அரிய முயற்சியில் தண்ணீரின் மதிப்பை உணர்த்திய தங்கள் பணி…" கடைசி வயலின் வாய்மடையை வெட்டிவிட்டபோது வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. பச்சையம்மா சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். அழுகிறவளைப் பார்த்துக்கொண்டு நிற்பது மதகு வீட்டு வழக்கமில்லை.

அவர் திரும்பி ஏரிக்கரைக்கு வந்தபோது செயலாளரின் நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. இடையில் மூவரும் சாப்பிட்டிருக்கிறார்கள். மூன்று இலைகள் படகின் பக்கத்தில் கிடந்தன. மிதக்கவில்லை, கிடந்தன. ஏரியில் நடந்தது என்ன என்பதைக் காசிதான் பிற்பாடு சொன்னான்.

"ஐயா, தரை தட்டுதுங்க" என்று அவன் அலுவலரின் பேச்சின்போதே சொல்லியிருக்கிறான்.

"பேச்சுக்கு நடுவில் பேசாதே" என்றார் அலுவலர்.

பாராட்டுக் கடிதம் முடிந்ததும் மறுபடி சொன்னான். "ஐயா, தண்ணி எறங்கிகினே போவுது."

கோபால்சாமி விதிப்புத்தகத்தை வாங்கி, அதிலிருந்த கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்தார். "இந்த மாசத்துக்குத் தண்ணி எறக்கம் எதுவும் இதுல போடலியேப்பா" என்றார்.

பிறகு படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்போதும் இறங்க முடியவில்லை. விதிப்படி படகில் ஏற்றிய சங்கக் கொடியை இறக்காமல் யாரும் கரையேறக் கூடாது. கொடியை இறக்கும் உரிமை முதல் உரிமையாளருக்கு. முதல் உரிமையாளர் வாய்க்காலில். ஆகவே நன்றியுரையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். காசி மட்டும் பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிக் கரைக்கு நடந்து வந்துவிட்டான். அவன் உரிமையாளன் அல்ல. விதி அவனைக் கட்டுப்படுத்தாது.

சின்னக்குழந்தை வேட்டியை மடித்துக் கட்டினார். பெரியம்மாள் அவர் கையைப் பிடித்தாள். "இன்னாத்துக்குங்க? சேத்துல நடந்து வரட்டுமே. கால் இல்லியா அவங்களுக்கு?"

"ஏரிக்கு வந்த விருந்தாளி. கால் நனையாம கரை சேக்கறது நம்ம வூட்டு வேலை."

முழங்கால் சேற்றில் அவர் படகுவரை போனார். யார் முதலில் முதுகில் ஏறுவது என்று அங்கே ஒரு விவாதம் நடந்தது. தலைவரைவிட அரசு பெரிது என்று முடிவானது. அலுவலர் பூட்ஸோடு ஏறிக்கொண்டார். லட்சுமணனுக்கு முதுகு கிடைக்கவில்லை. பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பதிவேட்டை விரித்தபடி பக்கத்திலேயே சேற்றில் நடந்தார்.

"எழுதுங்கள்" என்றார் அலுவலர், சின்னக்குழந்தையின் தலைக்குமேல். "மேற்படி சின்னக்குழந்தை என்பவர்…"

"சாமி, கழுத்தை வுட்டுட்டுத் தோளைப் புடிங்க. வழுக்குது."

"…என்பவர், பொறுப்பில் இருந்த பூட்டை முன்னனுமதியின்றித் திறந்து, விருந்தினரின் பாதுகாப்பில் சற்றும் அக்கறையில்லாமல்… இந்தப் பக்கம் பள்ளமா?"

"பள்ளந்தாங்க. நான் சுத்திக்கினு போறேன். நீங்க சொல்லுங்க."

"…அக்கறையில்லாமல் நடந்துகொண்டதால், மதகுப் பொறுப்பிலிருந்து அவரும் அவர் குடும்பத்தாரும் நிரந்தரமாக நீக்கப்படுகின்றனர்."

"நிரந்தரமாகவா ஐயா, மறு உத்தரவுவரையா?" என்று லட்சுமணன் கேட்டார்.

அலுவலர் யோசித்தார். சின்னக்குழந்தை நின்றார். முதுகில் இருப்பவர் யோசிக்கும்போது சேற்றில் நடப்பது சரியல்ல என்று பட்டது.

"நிரந்தரமாக."

அவர் மறுபடி நடந்தார். கரையில் அலுவலரை இறக்கிவிட்டார். பூட்ஸில் ஒரு துளி சேறு இல்லை. பிறகு திரும்பிப் போய்க் கோபால்சாமியையும் தூக்கி வந்தார். கனமான மனிதர்.  இறங்கிய பிறகு, "இந்த வருசப் புளிய வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று மட்டும் சொன்னார். பெரியம்மாள் மூவருக்கும் மோர் கொடுத்தாள். உப்புப் போடாமல் கொடுத்தாள்.

அன்றும் மறுநாளும் தண்ணீர் ஓடியது. கடைசியிலிருந்து ஒவ்வொரு வயலாக மேலேறி முப்பத்தொரு வயலும் குடித்தன. மூன்றாம் நாள் விடியலில் மதகு வீட்டு வயலுக்கு வாய்மடை திறக்க வேண்டும். அதற்குள் வாரியத்து ஆட்கள் வந்து மதகுக்குச் சிமெண்டு பூசிவிட்டார்கள். அவர் வயல் மட்டும் காய்ந்தது. முதல் நாளே மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டியிருந்தால் பாய்ந்திருக்கும். வெட்டவில்லை. காய்ந்த பயிரை அறுத்து மாட்டுக்குப் போட்டார். அந்த வருடம் பச்சையம்மா தலையில் ஒரு மூட்டை நெல்லோடு வந்தாள்; அவர் ஒரு படி மட்டும் அளந்து வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பினார். நெல் திருப்பி அனுப்பக்கூடிய பொருள்தான். அதற்கு ஆரத்தி எடுப்பதில்லை.

பதிவேட்டில் ஐந்து பெயர்களின் மேலும் சிவப்புக் கோடு விழுந்தது. ஆறாவதாகக் கோபால்சாமியின் பெயர் எழுதப்பட்டது. அந்தப் புதுப் பொறுப்பாளர் அதற்குப் பிறகு ஏரியைப் பார்க்கவில்லை. மாடுகள் பூட்டி இழுத்துக் கரையேற்றிய படகு புங்கமரத்தின் கீழ் அடி பிளந்து கிடக்கிறது. உரிமை மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் சின்னக்குழந்தைக்கு, முதல் உரிமையாளர் என்று மேலே எழுதி, உப்பு கழுவப்பட்ட விவரம் கேட்டுக் கடிதம் வருகிறது. ஒவ்வொரு தையிலும் மூன்று படகுகளோடு கூட்டு நீருலா சிறப்பாக நடைபெற்றதாகச் சங்கத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது.

செங்கம் சந்தையில் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது: மதகு வீட்டுக்காரர் கோபத்தில் அதிகாரிகளோடு சேர்த்துப் படகை மூழ்கடித்துவிட்டார் என்று. அது தவறு. படகு மூழ்கவில்லை. மூழ்கத் தண்ணீர் வேண்டும். அது அப்போது பச்சையம்மாவின் வயலில் இருந்தது.